நூலோடு எடுத்த படம்

அன்புள்ள என்னவருக்கு,

முதலில் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் என்னைப் பற்றி ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. படம் எடுக்கப் போன இடத்தில் உங்கள் ஆவியைப் பார்த்து அலறி ஓடி வந்தேனாம். நான் அலறவில்லை. ஓடவும் இல்லை, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது? செருப்பை மாட்டி, கைப்பையை எடுத்துக்கொண்டு, நடந்துதான் வெளியே வந்தேன். உங்களையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

பயந்தது மட்டும் உண்மை. அந்தப் பயம் இன்னும் இறங்கவில்லை.

உங்கள் நினைவு நாளுக்கு நம் போட்டோகிராபர் சங்க மலரில் வருஷம் தவறாமல் எழுதுகிறேன். இதுவரை எழுதியதெல்லாம் நல்ல சேதி. நம் மகள் ஸ்டெல்லா கல்யாணப் படங்களை விட்டுவிட்டுக் கட்டிடங்களும் உள் அலங்காரமும் மட்டும் எடுக்கிறாள் என்றும், இன்ஜினியர்களும் நகைக்கடைக்காரர்களும் தேடி வருகிறார்கள் என்றும் எழுதினேன். ரெட்டிபாளையம் பக்கம் ஒரு விருந்தினர் மாளிகையை அவள் எடுத்த படம் திருச்சியில் பெரிய சட்டத்தில் தொங்குவதைப் பெருமையாகச் சொன்னேன். இந்த வருஷம் எழுதப் போவது வேறு.

நான் இன்னும் அவளோடு போகிறேன். நாற்காலிகளை வரிசைப்படுத்துவது, திரைச்சீலையின் மடிப்பை நீவிவிடுவது, யாரோ மறந்து வைத்த தண்ணீர் பாட்டிலை எடுப்பது, இதெல்லாம் என் வேலை. ஒரு தலையணை கோணலாக இருந்தாலும் எனக்குப் பொறுக்காது. "கான்வென்ட் வந்துருச்சு, எல்லாரும் நேரா நில்லுங்க" என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அது இன்னும் மாறவில்லை.

இன்னொன்றும் மாறவில்லை. உங்கள் பித்தளைத் தூக்குக்குண்டு என் கைப்பையில்தான் இருக்கிறது. இளையவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். உட்புறப் படத்தில் சுவரும் தூணும் நேராக நிற்க வேண்டும். கேமரா கொஞ்சம் அண்ணாந்தாலும் சுவர்கள் உள்பக்கம் விழுவதுபோல் படத்தில் தெரியும். அது கேமராவின் குறை, கட்டிடத்தின் குறை அல்ல. அதனால் ஒட்டடைக் கம்பின் நுனியில் குண்டு நூலைக் கட்டி, கூரையை ஒட்டித் தூணோரமாக நான் பிடிப்பேன். அந்த நூலைப் பார்த்து நீங்கள் கேமராவைச் சரி செய்வீர்கள். நான் "என்னங்க, சரியா?" என்பேன். நீங்கள் "சரி, எடுத்துடு" என்பீர்கள். நான் நூலோடு ஒதுங்கிய பிறகுதான் படம். நூல் விழுந்த படம் ஒன்றுகூட நம் வீட்டில் கிடையாது.

ஸ்டெல்லா சிரிப்பாள். "கேமராவுலயே ரசமட்டம் இருக்கும்மா. மிச்சத்த கம்ப்யூட்டர் நேராக்கிடும். நீ எதுக்குக் கம்பத் தூக்கிட்டு நிக்கிற?" பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலைப் பிடித்தால் எதிரில் நீங்கள் நிற்பதுபோல் இருக்கும். இன்றைக்கும் "என்னங்க, சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஒதுங்குகிறேன். நான் பயந்து வெளியே வந்த கட்டிடத்தில் இதைக் கேட்ட பெயின்டர்தான் ஆவிக் கதையை ஆரம்பித்திருக்க வேண்டும்.

கட்டிடம் அரியலூர் ரோட்டில், முன்பு பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்த கரிசல் நிலத்தில் இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கான பள்ளிக்கூடம். லப்பைக்குடிகாட்டு ஜபருல்லா பாய், சவூதியில் உழைத்த உழைப்பையெல்லாம் போட்டு, அவருடைய உம்மாவின் பெயரில் கட்டியது. கட்டிக் கொடுத்தவர் ஆர்க்கிடெக்ட் பிரகாஷ். ஸ்டெல்லாவுக்குக் கிடைக்கும் வேலைகளில் பாதி அவர் கொடுப்பதுதான். மரியாதையான பையன். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

கட்டும்போது ஸ்டெல்லா மாசா மாசம் படம் எடுத்தாள். கட்டி முடிந்ததும், மழைக்காலத்துக்கு முன்னால், உட்புறத்தை ஒரு முறை எடுத்தோம். அப்போது வெறும் அறைகள். பொங்கல் கழித்து, மேசை நாற்காலி எல்லாம் வந்த பிறகு, மறுபடி போனோம். மேல்மாடியில் ரோட்டுப் பக்க வகுப்பறை. முயல் படம் வரைந்த குட்டி நாற்காலிகள். அவற்றை வரிசையாக்கிவிட்டுக் கம்பைத் தூக்கினேன். நூலின் மேல்முனை சுவரைத் தொட்டது. கீழே குண்டு சுவரைத் தொடாமல், ஒரு விரல் நுழையும் அளவுக்கு விலகி நின்றது.

கை நடுங்குகிறதோ என்று நினைத்தேன். கை நடுங்கினால் குண்டு ஆட வேண்டும். அது ஆடவில்லை. கண்ணில் புரை எடுத்த பிறகு பார்வை பிசகிவிட்டதோ என்று நினைத்தேன். எதிர்ச்சுவரில் நூலைப் பிடித்தேன். அங்கே மேலும் கீழும் ஒட்டி நின்றது. திரும்பவும் முதல் சுவருக்கு வந்தேன். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல், பட்டி பூசி மறைத்திருந்தது. அறைக் கதவைச் சாத்திப் பார்த்தேன். தரையில் உரசி நின்றுவிட்டது. சுவரின் தலை அறைக்குள் சாய்ந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே முதல் வரிசை முயல் நாற்காலிகள். நான்தான் அடுக்கினேன்.

"என்னங்க, சரியா?" என்று கேட்டேன். இந்த முறை பழக்கத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. அப்புறம்தான் செருப்பைத் தேடினேன்.

ஸ்டெல்லா வேலையை முடித்துக்கொண்டுதான் வந்தாள். காரில் சொன்னபோது அவள் நம்பவில்லை. மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் கரிசல் மண்ணில் பூச்சு வெடிப்பது சகஜம் என்றாள். வீட்டுக்கு வந்ததும் பிரகாஷுக்கு நானே போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ரெண்டு நாளில் படங்கள் அவர் கைக்குப் போயின. அதன் பிறகு அவர் போனில் சொன்னது இதுதான்:

"அம்மா, உங்க பொண்ணு எடுத்த படத்துலயே சுவர் நேராத்தானே நிக்குது. அதத்தான் பாய்க்கும் அனுப்பியிருக்கேன்."

அவர் ஏமாற்றவில்லை. அதை அவர் நம்பினார். எங்கள் படம் அப்படி இருந்தது.

அடுத்த நாள் ஜபருல்லா பாய் வீட்டுக்கு வந்தார். காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். கட்டிடம் எழும்பிய காலம் முழுக்க அவர் சவூதியில் இருந்தார். மாசா மாசம் ஸ்டெல்லா எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் பிரகாஷோடு பேசியிருக்கிறார். "ஒங்க படத்துல பாத்துப் பாத்துதாம்மா நான் கட்டுனேன். பெயின்டர் என்னமோ ஆவி கீவிங்கிறான். நீங்க என்ன பாத்தீங்கன்னு அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க. புள்ளைங்கள வுடலாமா, வேண்டாமா?"

எதையும் முகத்துக்கு நேராகச் சொல்கிறவள் என்று பெயர் வாங்கியவள் நான். ஆனால் சுவர் சாய்ந்திருக்கிறது என்று சொல்லத்தான் எனக்குத் தெரியும். நிற்குமா விழுமா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்வது தப்பாக இருந்தால் ஒரு பையனின் பெயரும் நம் மகளின் தொழிலும் போகும். நான் சொல்லாமல் இருந்து, அது நிஜமாக இருந்தால்? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

பார்த்ததைச் சொன்னேன். பார்த்ததை மட்டும். பாய் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்.

பிறகு ஸ்டெல்லாவை உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் கை வைக்காத பழைய படத்தை எடு என்றேன். எடுத்தாள். மழைக்கு முன்னால் எடுத்ததையும் பின்னால் எடுத்ததையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ரசமட்டம் சரி, இரண்டிலும் எதிர்ச்சுவர் நேர். ரோட்டுப் பக்கச் சுவர் முதல் படத்தில் நிமிர்ந்து நிற்கிறது. இரண்டாவதில் சாய்ந்திருக்கிறது. அதன் மேல் ஒரு பட்டனைத் தட்டினாள். எல்லாக் கோடுகளும் நிமிர்ந்துகொண்டன. சுவரும் சேர்ந்து நிமிர்ந்துகொண்டது.

ஸ்டெல்லா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நாந்தான் நேராக்கிட்டேனாம்மா?" என்றாள்.

அவளை எப்படித் திட்டுவது? கோட்டை நேராக்குவதுதான் நம் தொழிலின் கௌரவம். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம் இருவரும்தான். நீங்கள் கேமராவை நூலுக்கு ஒப்பிட்டீர்கள். அதனால் கேமராவின் கோணல்தான் நிமிர்ந்தது. இவளுடைய பட்டனுக்கு எது கேமராவின் கோணல், எது சுவரின் கோணல் என்று தெரியாது.

மறுநாள் பாயையும் வரச் சொல்லி மூன்று பேரும் போனோம். பாய்தான் பூட்டைத் திறந்தார். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கவே எனக்குப் பயம். ஸ்டெல்லா சாய்வு தெரியும்படி கேமராவைச் சுவருக்குப் பக்கவாட்டில் வைத்தாள். நான் கம்பைப் பிடித்தேன். "என்னங்க, சரியா?" என்றேன். வழக்கம்போல் ஒதுங்கப் போனபோது, "இரும்மா. நூலோடயே எடுக்கிறேன்" என்றாள்.

அப்படித்தான் நம் வீட்டில் முதல் முறையாக ஒரு படத்தில் நூல் விழுந்தது. நூல் நேராக இருக்கிறது. சுவர் நேராக இல்லை. கம்பைப் பிடித்த என் கையும், வளையல் வரைக்கும், படத்தில் இருக்கிறது. அலங்கோலமான படம். இதைத்தான் உங்களுக்குக் காட்டிப் பெருமைப்பட ஆசைப்படுகிறேன்.

ஸ்டெல்லா நேராக்கிய படங்களை வாபஸ் வாங்கி, இந்தப் படத்தைப் பிரகாஷுக்கும் பாய்க்கும் அனுப்பினாள். அன்றோடு பிரகாஷிடமிருந்து வேலை வருவது நின்றது. மற்ற இன்ஜினியர்களும் போனை எடுப்பதில்லை. பாய்க்கு மட்டும் பிரகாஷ் குரல் பதிவாக அனுப்புகிறார்: அது மேல்பூச்சுதான், ஒன்றும் ஆகாது, நான் பொறுப்பு. பாய் அதை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். "வாயால பொறுப்புன்னு சொன்னவங்கள சவூதியில நெறையப் பாத்துட்டேம்மா. சுவர வந்து பாத்துட்டு அவரு எழுதிக் குடுக்கட்டும். குடுத்தா தொறக்குறேன். இல்லன்னா பூட்டு பூட்டுதான்." சொல்லும்போது அவர் குரல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் அட்மிஷன் முடிந்துவிட்டது. ஜூன் வருகிறது. பெற்றோர்கள் அவரை நச்சரிக்கிறார்கள். இதற்கிடையில் கோடை மழை ஒன்று பெய்தது. மண் வாசனை வந்ததும் என் கை தானாகக் கைப்பைக்குள் போய்க் குண்டைப் பிடித்துக்கொண்டது.

இப்போது எங்கே போனாலும் சுவர்களைத்தான் பார்க்கிறேன். பேங்கில், கோவிலில், பஸ் ஸ்டாண்டில். பூசையில் பாதிரியார் பேசுவது காதில் ஏறுவதில்லை. அவருக்குப் பின்னால் உள்ள தூணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயந்தாங்கொள்ளி என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள்.

நீங்கள் கட்டிய நம் வீட்டில் மட்டும் இன்னும் நூல் விட்டுப் பார்க்கவில்லை. தைரியம் இல்லை. ஆனால் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டு வந்ததும் கூடத்துச் சுவரில் பிடிக்கிறேன். என்ன தெரிந்தாலும் ஸ்டெல்லாவிடம் மறைக்க மாட்டேன். இனி நம் கேமரா நுழையும் ஒவ்வொரு அறையிலும் நூலோடு ஒரு படம் எடுத்து, அதையும் சேர்த்துத்தான் கொடுப்போம். வேண்டாம் என்பவர்களுக்கு மற்றதும் கிடையாது.

இந்த மலர் பிரகாஷின் ஆபீசுக்கும் போகும். அதனால் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவரிடமும் ஒன்று கேட்டுவிடுகிறேன். தம்பி, எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை, பயம்தான். நான் பார்த்தது தப்பென்றால் இதே மலரில் மன்னிப்புக் கேட்கிறேன். நேரில் வந்து அந்தச் சுவரில் நீங்களே நூல் பிடித்துப் பாருங்கள். அதன் கீழே குழந்தைகள் உட்காரலாமா, கூடாதா? பள்ளி திறக்கும் முன்னால், உங்கள் கையெழுத்தோடு, எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் நூலைப் பிடித்து நிற்கும் மனைவி,
ரெஜினா