கன்மதிலில் கழற்றப்பட்ட கதவு

மழையையும் விளைவையும் தருகின்ற இறைவன் திருவடி முன்நிற்க. மருதவள நாட்டை ஆளும் வேழமுடியாராகிய மாமன்னர் சேணியகோவின் ஆணை தாங்கி, அறங்காவல் அமைச்சன் நக்கன் திருவடி, செவ்வாற்றின் தென்கரையில் கன்மதில் நகரைக் காத்துவரும் ஏனாதி பூதங்குமரனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் மதில் உறுதியாய் நிற்க; தங்கள் களஞ்சியம் நிறைக; தங்கள் இல்லத்துக் குழந்தைகள் காய்ச்சலின்றி உறங்குக. இறுதி வாழ்த்தை யாம் வழக்கத்துக்காக எழுதவில்லை என்பதை இதைப் படித்து முடிக்கையில் தாங்கள் அறிவீர்கள்.

வழிப்போக்கரைச் சில நாள் வீட்டில் தங்கவைக்க வடகரைப் புனல்வாயிலில் ஒரு விதியும் தென்கரைக் கன்மதிலில் வேறொரு விதியும் இருப்பதால், இரண்டையும் ஒப்புநோக்கி வருமாறு மன்னர் எம்மைப் பணித்தார். இரு கரைகளிலும் தெருத்தெருவாகக் கேட்டறிந்தோம்.

புனல்வாயிலில் எவரும் விருந்தினரை ஏற்கலாம். ஆனால் தாம் குடியிருக்கும் வீட்டில் மட்டுமே ஏற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இருபக்கத்து அண்டை வீட்டாரும் வந்து வாசற்படியில் ஒரு செம்பு நீர் ஊற்றித் தம் இசைவைக் காட்ட வேண்டும். அதன் பின்னரே வாயிற்காவலர் மண்முத்திரை தருவார். முன்பு செல்வர் சிலர் நெசவாளர் தெரு வீடுகளையெல்லாம் வாங்கித் திருவிழாக் கூட்டத்துக்கு விட்டதால், நெய்தவர்கள் ஊருக்கு வெளியே குடிசை போட நேர்ந்தது. அந்தத் துயரைத் தடுக்கவே இவ்விதி எழுந்தது.

தங்கள் நகரிலோ அண்டை வீட்டார் இசைவு தேவையில்லை. வீட்டுக்காரர் அங்கே குடியிருக்கவும் தேவையில்லை. ஆனால் கோட்டையை அடுத்த நான்கு தெருக்களில் மட்டுமே விருந்தினர் தங்கலாம்; வருகின்றவர் முந்தைய இரவு தங்கிய இடத்தின் முத்திரையைக் காட்ட வேண்டும். மீறுபவர் வீட்டுக் கதவு கழற்றப்பட்டு நகரவை மண்டபத்தில் ஓராண்டு வைக்கப்படும். விருந்தாளி வேடத்தில் கள்வர் நுழைந்த காலத்தில் பிறந்த விதி இது என்றார்கள். இதிலும் யாம் குறை காணவில்லை. இரண்டு விதிகளும் நல்ல மனம் உடையவர்கள் செய்தவையே. அதனால்தான் இனி வருவதை எழுத எம் கை தயங்குகிறது.

உப்பு விற்கும் குடியைச் சேர்ந்த மாதி என்பவள், தன் சிறு மகளுக்குக் காய்ச்சல் கண்டதால் வண்டிகளை முன்னே போகவிட்டுப் புனல்வாயிலில் நின்றாள். முந்தைய இரவு அவர்கள் படுத்தது சாலையோரத்து மரத்தடியில். நல்ல மழை. ஒரு வீட்டார் அவளை ஏற்க விரும்பினர். அவர்களுடைய அண்டை வீட்டுக்காரரோ நாற்று நடப் போயிருந்தார். நீர் ஊற்ற ஆளில்லை. வாயிற்காவலர் வருந்தி, தம் தாழங்குடையை அவளிடம் கொடுத்துத் தென்கரைக்குப் போகச் சொன்னார். கன்மதில் துறையில் தங்கள் காவலர் முந்தைய இரவின் முத்திரையைக் கேட்டார். மரத்தடிக்கு முத்திரை ஏது? புனல்வாயிலில் ஒன்று வாங்கி வருமாறு அவரும் அன்பாகவே சொல்லி, குழந்தைக்குச் சுடுபால் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அங்கே தங்காதவளுக்குப் புனல்வாயில் முத்திரை தராது. வடகரைக்குப் போயும் அது கிடைக்காமல், அவள் மீண்டும் தென்கரை நோக்கிப் படகேறினாள்.

ஓடக்காரர் உலகன் கூலி வாங்கவில்லை. இரண்டாம் முறை கடக்கும்போது அவர் அவளைச் சிரிக்கவைக்க எண்ணி, "ரெண்டு ஊர்லயும் இடமில்லேன்னா எம் படகுலயே அடுப்பு வெச்சுக்க, தாயி" என்றாராம். அவளும் சிரித்தாளாம். மூன்றாம் முறை, ஆற்றின் நடுவில், குழந்தை இறந்தது. அந்தப் பேச்சை எம்மிடம் சொன்ன பிறகு உலகன் துடுப்பைத் தொடவில்லை. அவருடைய தம்பிதான் எம்மைக் கரை சேர்த்தான்.

ஏனாதியாரே, சிறு அன்புகளால்தான் உலகம் நிற்கிறது என்று இந்நாள் வரை நம்பி வந்தவன் யான். இன்றும் அதையே நம்புகிறேன். ஆனால் இந்த வழக்கில் ஒருவர் குடை கொடுத்தார், ஒருவர் பால் கொடுத்தார், ஒருவர் கூலியின்றி ஓடம் செலுத்தினார். கூரையை மட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை. கொடுக்க மனமில்லாமல் அல்ல. கொடுத்தால் குற்றம் என்பதால்.

கூரை கொடுத்தவள் ஒருத்தியே. தங்கள் படகுத்துறையில் அப்பம் சுட்டு விற்கும் சேந்தி, தாயையும் இறந்த மகளையும் தன் வீட்டுக்குள் அழைத்துப்போய், குழந்தையை வெந்நீரால் கழுவி, தன் புதுத்துணியில் சுற்றினாள். துறை அந்த நான்கு தெருக்களில் சேராது. மறுநாள் தங்கள் தெருக்கண்காணிகள் வந்து, முத்திரையில்லா விருந்தினர் இருவர் என்று குற்றம் சாட்டினர். இறந்த குழந்தையையும் ஒரு விருந்தாளியாக எண்ணினர். கதவைக் கழற்றிச் சென்றனர். மாதியை வெளியேற்றாவிட்டால் அமாவாசையன்று வீட்டையே இடிப்போம் என்றும் அறிவித்தனர். மாதி இப்போது தானும் காய்ச்சலில் கிடக்கிறாள்.

விதி அறிந்தும் ஏன் மீறினாய் என்று சேந்தியை வினவினோம். அவள் விடையை அவள் சொல்லாகவே எழுதுகிறோம்: "செத்த புள்ளய மடியில வெச்சுக்கிட்டு நனையிறவகிட்ட முத்திரை எங்கேன்னு கேக்க எனக்கு வாய் வரலீங்க. கதவுதானே, போகட்டும். இவளப் போன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

இதைக் குறித்து யாம் முன்பு ஆளனுப்பியபோது, தவறு புனல்வாயிலுடையது என்று தாங்கள் மறுமொழி சொன்னீர்கள். புனல்வாயில் தலைவரும் தங்கள் நகரைச் சுட்டி அதையே சொன்னார். இருவர் சொன்னதும் பொய்யில்லை. அந்தக் குழந்தைக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

ஆகவே மன்னர் பெயரால் ஆணையிடுகிறோம். நோயுற்றவரோ, குழந்தையோடு வருபவரோ, மழையில் அகப்பட்டவரோ எவராயினும், இரு நகரிலும் முதலில் கூரை, விசாரணை மறுநாள் காலையில். எந்தத் தெருவாயினும் சரி. அண்டை வீட்டார் ஊரில் இல்லாவிட்டாலும் சரி. மற்ற விதிகள் தத்தம் நகரில் நிற்கட்டும். புனல்வாயிலுக்கும் இதே ஆணை சென்றுள்ளது. சேந்தியின் வீட்டை இடிக்கும் தீர்ப்பு இந்நொடியே நீங்கியது. அவள் கதவைத் தாங்களே உடன்வந்து, தங்கள் முன்னிலையில் அதன் நிலையில் மாட்டுவிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. இவ்வோலையை யாம் அரசு மாளிகையில் இருந்து எழுதவில்லை. சேந்தியின் வீட்டு அடுப்படியில், மாதியின் படுக்கைக்கு அருகில் அமர்ந்து எழுதுகிறோம். எம்மிடம் முந்தைய இரவின் முத்திரை இல்லை; இது நான்கு தெருக்களில் ஒன்றும் அல்ல. தங்கள் விதிப்படி யாமும் குற்றவாளியே. கண்காணிகள் தண்டிக்க வரலாம். ஆனால் கழற்றிச் செல்ல இங்கே கதவு இல்லை. ஓலையின் ஓரம் ஈரம் பட்டு மங்கியிருந்தால் பிழை எழுத்தரது அன்று, வாசல் வழியே வீசும் சாரலினது.

மன்னரின் வேழ இலச்சினை இட்டோம். இவ்வாணை காக்கும் கரங்களை இறைவன் காக்க. கதவு வந்து சேரும் வரை யாம் இவ்வாசலில் அமர்ந்திருப்போம். மழை வலுக்கிறது, விரைந்து வருக.