‘முடியலைங்க’ என்று சொன்னாயே

அம்மா, இன்று காலை சங்கரா மீன் ஆய்ந்துவிட்டுக் கையில் புளி தேய்த்துக் கழுவினேன். அந்த வாசனையில் நீ வந்து நின்றுவிட்டாய். தஞ்சாவூர் அரசு குழந்தைகள் இல்லத்துக்கு என்னைப் பார்க்க வரும் ஞாயிறுகளில் உன் கையில் அடித்த வாசனை அது. கவிச்சி வாடைக்காக மற்றப் பிள்ளைகள் என்னைக் கேலி செய்யக்கூடாதென்று அத்தனை புளியைத் தேய்த்திருப்பாய். எனக்கோ, அதையும் மீறி வீட்டு மீன் வாடை மிஞ்சியிருக்கிறதா என்று மோந்து பார்ப்பதே வேலை.

அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு நீ நீயாக இல்லை. உலை வைத்துவிட்டு அரிசி போட மறப்பாய். நான் பசியில் கிடப்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் தகவல் சொல்ல, அதிகாரிகள் வந்து என்னை இல்லத்துக்கு அழைத்துப் போனார்கள். ஊர் சும்மா இருக்குமா? “பெத்த புள்ளைய கவருமெண்டுக்குக் குடுத்தவ” என்று உனக்குப் பேர் வைத்தது.

அடுத்த வருடம் குழந்தைகள் நலக் குழுவின் முன் நம்மை உட்கார வைத்தார்கள். நீ சரியென்றால் நான் வீட்டுக்கு வரலாம். பையைக்கூடக் கட்டி வைத்திருந்தேன். “பாத்துக்குறேன்னு மட்டும் சொல்லு, மத்தத ஆண்டவன் பாத்துப்பான்” என்று அத்தை வழியெல்லாம் உனக்குப் பாடம் நடத்திக் கூட்டி வந்திருந்தாள்.

“பொண்ண வச்சுப் பாத்துக்க முடியுமாம்மா?” என்றார் குழுவின் தலைவி.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரைப் பார்த்தாய்.

“இன்னும் முடியலைங்க. மனசு தேற டாக்டர் குடுத்த மாத்திரை போட்டா அடிச்சுப் போட்டாப்ல தூங்கிடுறேன். புள்ள சாப்பிட்டுச்சான்னுகூடத் தெரியாது. இங்கயே இருக்கட்டும். ஆனா வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. நான் தேறி வந்து கூட்டிக்கிறேன்.”

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். நான் தரையில் புரண்டு அழுதேன். நீ அழவில்லை. ‘பாத்துக்குறேன்’ என்ற வாக்கை நம்பி வீட்டுக்குப் போய், எலும்பும் தோலுமாக இல்லத்துக்கே திரும்பிய பிள்ளைகளை அப்புறம் பார்த்தேன். பிள்ளையே உன் கையைவிட்டுப் போய்விடலாம் என்று தெரிந்தும் அந்த உண்மையைச் சொல்ல எங்கிருந்தம்மா உனக்கு நெஞ்சு வந்தது? நினைத்தால் இன்றும் மலைத்துப்போகிறேன்.

சொன்னபடி வந்தாய். நான் ஏழாவது முடித்த கோடையில் அதே அறையில் உட்கார்ந்து, “இப்ப முடியுங்க” என்றாய். பட்டுக்கோட்டை பேருந்தில் வழி நெடுக என் கையை விடவே இல்லை.

நீ கண்ணை மூடிய பிறகு எனக்கு மகள் பிறந்தாள். அவள் அழுதால் எனக்குள் எதுவுமே அசையவில்லை. “தாய்னா பொறுத்துக்கணும்” என்றார்கள் எல்லோரும். நான் குழந்தையை அவள் அப்பாவிடம் நீட்டி, “என்னால முடியல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றேன்.

“நல்ல வேளை வந்தீங்க. நிறைய பேரு வெளிய சொல்லவே மாட்டாங்க. உங்கள யாரு சொல்லச் சொன்னா?” என்று கேட்டார் மருத்துவர்.

“எங்கம்மா” என்றேன்.