லிஃப்டில் மாட்டியவனும் லீவில் போனவனும்

ஞாயிறு, இரவு

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், நாச்சாரம் என்ற இந்த வெளிமாநிலப் பேட்டையின் தலைசிறந்த (ஒரே) தமிழ்த் தொடர்கதை எழுத்தாளனாகிய நான் போன வாரம் முதல் ஓய்வில் இருக்கிறேன். வாசகர் உலகம் கதறும் என்று நினைத்தேன். வாசகர் உலகம் என்றால் என் தங்கை மீனா. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தினமும் நான்தான் படித்துக் காட்டுவேன்.

"பெரிய எழுத்தாளருங்க அப்பப்ப பேனாவ மூடி வெப்பாங்கடி. மூளை நல்லா ஊறணும்" என்றேன்.

"ஊறுகாயா அண்ணா?" என்றாள்.

இன்று மாலை கீழ்ப்படியில் அவளைச் சுற்றி அடுக்ககத்துப் பிள்ளைகள். என் கதையை ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். நாயகனைப் பேயோடு லிஃப்டில் மாட்டிவிட்டு நான் நிறுத்தியிருந்தேன். அவள் நிறுத்தவில்லை. கரண்ட் போனதும் பேய்க்கும் இருட்டு பயமாம். நாயகன் கையைப் பிடித்துக்கொண்டு அழுததாம்.

"ஏய், அது என் கதை!"

"நக்கோ அண்ணா, கத்த வேணாம்! நீதான் லீவுல இருக்கியே."

பிள்ளைகள் "ஃபிர்? ஃபிர்?" என்று, அப்புறம் என்ன ஆச்சு என்று அவளையே நச்சரித்தார்கள். நானும் படியில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டேன்.

உண்மையில் ஓய்வுமில்லை, ஊறலுமில்லை. நாயகனை லிஃப்டிலிருந்து வெளியே கொண்டுவரும் வழி தெரியாமல் தினமும் நோட்டைத் திறந்து திறந்து மூடினேன். இன்று படியில் உட்கார்ந்த நேரம்தான் நிஜமான லீவு. இப்போது எழுதக் கை பரபரக்கிறது. ஆனால் முதலில் மீனாவிடம் அந்தப் பேயைக் கேட்டு வாங்க வேண்டும்.