பின்சக்கரத்தில் மாட்டிய டைனமோ

அன்புத் தோழிக்கு,

பக்கத்து வீட்டுப் பெண் நேற்று தன் சைக்கிளுக்கு ஒரு விளக்கு வாங்கி வந்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. "போன் மாதிரி சார்ஜ் போட்டுக்கலாங்க. வேணும்னா கழட்டிக் கையிலயும் புடிச்சிக்கலாம்" என்று அதை உருவி என் உள்ளங்கையில் வைத்தாள். எதிர்ச் சுவரில் வெளிச்சம் வட்டமாக விழுந்தது. எனக்கு அதை அணைக்கவே மனம் வரவில்லை. நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. கழற்றிக் கையில் பிடிக்கிற சைக்கிள் விளக்குக்காக நீ ஒரு கடையில் அரை நாள் நின்று வாதாடியதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. உன்னைத் தவிர யாருக்கு அது புரியும்?

எழுபதுகளின் தொடக்கம் அது. பென்னாகரத்துக்கு அப்பால் ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் நீயும் நானும் பிரசவம் பார்க்கும் நர்சுகள். இருவருக்கும் ஒரே வயது, ஒரே குடியிருப்பு, ஒரே அடுப்பு. நீ காரிமங்கலத்துக்காரி. அண்ணன்களோடு போட்டி போட்டுச் சைக்கிள் கற்றவள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீ ஏறி மிதித்தால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். நான் உன் பின்னால் கேரியரில் மருந்துப் பையோடு தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஆடி மாதத்தில் ஒரு பெண் நம் கையிலேயே போய்விட்டாள். பெயரை எழுதவில்லை, உனக்குத் தெரியும். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. ஆனால் இரத்தம் நிற்கவில்லை. எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வெளிச்சம் இல்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு சிமினி விளக்கு. நம் டார்ச் விளக்கில் பேட்டரிக் கட்டைகள் கசிந்து, மஞ்சளாக ஒரு பொட்டுதான் தெரிந்தது. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

திரும்பி வந்த பிறகு இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். நீ சோற்றுத் தட்டை என் முன்னால் தள்ளிவிட்டுச் சொன்னாய்: "நீ போயிட்டா அடுத்தவளுக்கு யாரு பாக்கறது? மொதல்ல வெளிச்சத்துக்கு ஒரு வழி பண்ணலாம். அப்புறம் அழுவலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைப் பஸ்ஸின் கூரையில் ஏற்றிக்கொண்டு தருமபுரிக்குப் போனோம். சைக்கிள் கடை பாய் மூன்று விதமான விளக்குகளை எடுத்து வைத்தார். முதலில் மண்ணெண்ணெய் விளக்கு. "பள்ளத்துல ஏறி எறங்குனா அணைஞ்சிடும்" என்று ஒதுக்கினாய். அடுத்தது பேட்டரி விளக்கு. அதை நீ தொடவே இல்லை. மூன்றாவது டைனமோ. டயரில் உரசிச் சுழலும் சின்னக் குப்பியும், முன்னால் மாட்டும் கிண்ணம் போன்ற விளக்கும்.

"இதுதாம்மா நல்லது. எண்ணெ வேணாம், கட்டை வேணாம். மிதிச்சாப் போதும், எரியும்" என்றார் பாய்.

"நின்னா?"

"நின்னா எரியாது. நிக்கறப்ப எதுக்கும்மா லைட்டு?"

"எங்களுக்குப் போய் நிக்கற எடத்துலதாங்க லைட்டு வேணும்."

பாய் விழித்தார். நீ அவரிடம் எதையும் மறைக்கவில்லை. ஆடி மாதத்து இரவை அப்படியே சொன்னாய். கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அதன் பிறகு சைக்கிளின் பின் ஸ்டாண்டைப் போட்டு, கையால் பெடலைச் சுற்றிக் காட்டினாய். பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுழன்றது.

"எல்லாருக்கும் முன்சக்கரத்துல மாட்டறீங்க. எனக்குப் பின்சக்கரத்துல மாட்டுங்க. ஸ்டாண்டு போட்டு யாராச்சும் பெடலைச் சுத்துனா எரியுமில்ல?"

"எரியும். ஆனா லைட்டு சைக்கிள் மேலதானே இருக்கும்?"

"கழட்டற மாதிரி கொக்கி வைங்க. வாசல்லருந்து வூட்டுக்குள்ள எட்டற அளவு ஒயர் குடுங்க."

நடக்காது என்றுதான் பாய் முதலில் சொன்னார். சைக்கிளின் இரும்பிலேயே மின்சாரம் திரும்பி வருகிறது, விளக்கைக் கழற்றினால் அந்த வழி அறுந்துவிடும் என்றார். நீ நகரவில்லை. வெயில் ஏறியது. நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய். கடைசியில் அவரே தாடியைத் தடவிக்கொண்டு, "ரெட்டை ஒயர் இழுத்துப் பாக்கலாமா?" என்றார். பெடலைச் சுற்றினோம். பத்து முழ ஒயரின் முனையில், கடையின் இருண்ட உள்ளறையில், விளக்கு எரிந்தது. பாய் உன்னைவிடப் பெரிதாகச் சிரித்தார். மாற்றுப் பல்பு ஒன்றைப் பஞ்சில் சுற்றிப் பையில் வைத்து, "ரொம்ப வேகமாச் சுத்துனா பல்பு போயிடும், ஒரே சீராச் சுத்தணும்" என்று சொல்லி அனுப்பினார்.

ஐப்பசியில் அந்த அழைப்பு வந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மனைவிக்கு வலி கண்டு நேரமாகிவிட்டது என்று ஒருவர் ஓடி வந்து கதவைத் தட்டினார். அவர் முன்னால் ஓட, நாம் பின்னால் போனோம். மேட்டில் நீ மெதுவாக மிதிக்க மிதிக்க விளக்கு மங்கும். நான் இறங்கித் தள்ளுவேன். இறக்கத்தில் பாதை முழுக்கப் பளிச்சென்று தெரியும்.

நாம் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிறகு, அதே இரத்தம். எனக்கு மீண்டும் அந்த ஆடி இரவுக்குள்ளேயே நிற்பதுபோல் இருந்தது. "சைக்கிள ஸ்டாண்டு போடு" என்று நீ கத்தியதும்தான் எனக்கு உயிர் வந்தது. வாசலில் ஸ்டாண்டு போட்டேன். ஒயரைப் பிரித்து விளக்கை உள்ளே கொண்டு வந்தேன். வெளியே புருஷன்காரர் உட்கார்ந்து பெடலைச் சுற்றினார். ஆம்பளை உள்ளே வரக் கூடாது என்று அந்தப் பெண்ணின் மாமியார் முதலில் மறித்தார். ஒயர் மட்டும்தான் வரும் என்றதும் வழி விட்டார்.

விளக்கை நான் பிடித்தேன். நீ குனிந்து பார்த்தாய். கர்ப்பப்பை கல் மாதிரி இறுகித்தான் இருந்தது; இரத்தம் அங்கிருந்து வரவில்லை. பிறப்பு வழியில் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. "இதோ இருக்குது, தெரியுது" என்றாய். துணி மடிப்பை வைத்து அழுத்தினாய். அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் வலியில் அலற, வெளியே பெடல் நின்றுவிட்டது. கும்மிருட்டு. அவர் அழும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணா, நிறுத்தாதீங்க! அழுவறதா இருந்தா சுத்திக்கினே அழுவுங்க!" என்று நீ உள்ளேயிருந்து குரல் கொடுத்தாய்.

டைனமோ மறுபடி உறுமியது. அதன் பிறகு அது நிற்கவே இல்லை. கிழக்கு வெளுக்கும் வரை அந்த மனிதர் கை மாற்றி மாற்றிச் சுற்றினார். நீயும் அழுத்திய கையை எடுக்கவில்லை. விடிந்ததும் மாட்டுவண்டியில் பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டார்கள். அவள் பிழைத்தாள்.

திரும்பும் வழியில் நீ திடீரென்று சைக்கிளை நிறுத்தினாய். ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாய். நான் பயந்துபோய் உன் முதுகைத் தடவினேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல. ராத்திரி பூரா பயந்துக்கினுதான் இருந்தேன்" என்றாய். முகத்தைக் கழுவிக்கொண்டு, "பயந்துக்கினே செய்யலாம் போல" என்று சிரித்தாய்.

அதுவரை உனக்குப் பயமே கிடையாது என்றும், எனக்கு அது மட்டும்தான் உண்டு என்றும் நினைத்திருந்தேன். அந்த வாரமே பள்ளிக்கூட மைதானத்தில் சைக்கிள் பழக ஆரம்பித்தேன். முழங்கை சிராய்த்தது, ஊர் சிரித்தது; நான் நிறுத்தவில்லை. இரண்டு வருடம் கழித்து உன்னைத் தொப்பூர்ப் பக்கம் மாற்றினார்கள். சைக்கிளை என்னிடமே விட்டுவிட்டுப் பஸ் ஏறினாய். "வெச்சிக்க. நான் அங்க ஒண்ணு பாத்துக்கறேன்" என்றாய். அங்கும் ஒரு கடைக்காரரைப் படாத பாடு படுத்தி, பின்சக்கரத்தில் டைனமோ மாட்ட வைத்ததாகக் கடிதம் எழுதினாய்.

நீ மாற்றலாகிப் போன நான்காம் இரவு கதவு தட்டப்பட்டது. நான் தனியாக எழுந்தேன். பையை எடுத்துக்கொண்டு ஏறி மிதித்தேன்.

பிறகு எத்தனையோ வருடம், எத்தனையோ இரவு. ஒரு முறைகூடப் பயமில்லாமல் போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அது விடவில்லை. போன வாரம் நடுச்சாமத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர், தன் தாயார் விழுந்துவிட்டார் என்று என் கதவைத் தட்டினார். முழங்கால் வலி, கண்ணில் புரை, மருந்துப்பையும் இல்லை. பயமாகத்தான் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, போலாம்" என்றேன்.