வேனில் வந்த லுங்கி

1-9-91, ஞாயிறு

காலையிலேயே கொளுத்துகிற வெயில். எங்கள் ஞாயிற்றுக்கிழமை கிளினிக் ஷெட்டுக்குள் அனல். முன்பு உர மூட்டை அடுக்கிய இடம், பினாயில் போட்டுக் கழுவியும் நாற்றம் போகவில்லை.

வாங்க வேண்டியது: பஞ்சு, டிஞ்சர், சொறி மருந்து, தண்ணீர் டிரம்முக்கு மூடி. ஃபேன் (யாரிடம் கேட்பது?).

‘இ.எஸ்.ஐ. அட்டை இல்லாத காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு இலவச மருத்துவம்’ என்று அவ்வளவு பெரிதாக போர்டு. வந்து உட்கார்ந்ததில் பாதிப் பேர் அட்டை உள்ளவர்கள். பி.பி. பார்க்கணுமாம். போர்டு என்ன அழகுக்கா?

டா. ராகவன் தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். பாவம்.

லேபர் காண்ட்ராக்டர் தணிகாசலம் வந்து எட்டிப் பார்த்தார். ஷெட் அவருடையது. வாடகை வேண்டாம் என்று அவராகவே கொடுத்தார். “நம்ம ஆளுங்க நல்லா இருந்தாத்தான சிஸ்டர் நமக்கும் நல்லது.” நல்ல மனுஷன்.

மதியம் அவர் வேனில் ஒருவனை இறக்கினார்கள். பெயர் வேலு. இடது கையில் இரண்டு விரல் நுனி இல்லை. கூட வந்த மேஸ்திரிதான் பேசினார். “வூட்ல கட்டிலைத் தூக்கசொல்ல நசுங்கிடுச்சி சிஸ்டர்.” டா. தைத்து முடித்தார். பையன் எழுந்தால் லுங்கி ஓரம் கிழிந்து காலைத் தட்டுகிறது. விழுந்து வைக்கப்போகிறானே என்று மிச்சமிருந்த கறுப்பு நூலால் அதையும் ஓட்டித் தைத்துவிட்டேன். மெரூன் கட்டத்தில் கறுப்புத் தையல், பார்க்கக் கண்றாவி. வேலு லேசாகச் சிரித்தான்.

4-9, புதன்

ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி. கால் வீக்கம். அண்ணி ஆரம்பித்துவிட்டாள்: “சம்பளமில்லாத வேலைக்கு, பூசையக்கூட வுட்டுட்டு ஓடுறியே.” வெந்நீரில் காலை வைத்துக்கொண்டேன். பதில் சொன்னால் சண்டை.

8-9, ஞாயிறு

மழை. தகரத்தில் சத்தம், யார் பேசுவதும் கேட்கவில்லை.

மறுபடி அதே வேன், அதே மேஸ்திரி. வேறு ஆள், கண்ணன். உள்ளங்கை கிழிந்து எலும்பு தெரிகிறது. “வூட்டாண்ட கிணத்தடியில வழுக்கி வுழுந்துட்டான் சிஸ்டர்.”

கட்டிலில் படுக்க வைத்தபோது பார்த்தேன். மெரூன் கட்டம் போட்ட லுங்கி. ஓரத்தில் கறுப்புத் தையல். என் தையல்!

வேலுவின் தம்பியோ என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்டேன். “வேலு யாரு சிஸ்டர்?” என்கிறான். நகக்கண்ணில் பார்த்தால் கிணற்றடிச் சேறு இல்லை, மெஷின் கிரீஸ்.

மேஸ்திரி பீடிக்கு வெளியே போனதும் மெதுவாகச் சொன்னான். “பிரஸ் மெஷின்ல மாட்டிக்கிச்சி. கம்பெனி சட்டையோட போனா கேள்வி வரும்னு வேன்லயே பேண்ட்டு சட்டையெல்லாம் கயட்டிட்டாங்க. இந்த லுங்கி சீட்டுக்கு அடியிலயே கீது. யாருக்கு அடிபட்டாலும் இத்தத்தான் கட்டிக்கணும்.”

வேலு? போன ஞாயிறு விரல் போனவன் என்றதும் ஆளைத் தெரிந்தது அவனுக்கு: அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தி ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார்களாம்.

அயோக்கியப் பயல்கள். அவர்களுடைய பொய் கிழிந்திருந்தது, நான் உட்கார்ந்து தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

கண்ணனுக்கு என் பெட்ஷீட்டைக் கட்டி அனுப்பினேன். லுங்கி என் பையில். மேஸ்திரி, “அது எங்க?” என்றார். “ரத்தம், துவைக்கணும்” என்றேன்.

டா.விடம் சொன்னேன். “கேட்டா ஷெட் போயிடும் சிஸ்டர். மத்தவங்களை யார் பார்ப்பா?” அவர் சொல்வதிலும் தப்பில்லை. அதனால்தான் இன்னும் எரிகிறது.

11-9, புதன்

தூக்கம் சரியில்லை. இட்லிக்கு அரிசி ஊறப்போட மறந்தேன்.

நாங்கள் இல்லாவிட்டால் வேலுவைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அங்கே எப்படி அடிபட்டது என்று எழுதுவார்கள், போலீசுக்குத் தகவல் போகும், நஷ்ட ஈடு கேட்க ஒரு பிடி இருந்திருக்கும். நாங்கள் பக்கத்திலேயே கடை திறந்து, தைத்து, மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டோம். அந்தப் பிடியும் போச்சு. தணிகாசலம் ஷெட்டை சும்மாவா கொடுத்தார்!

நல்ல மனுஷன் என்று 1-ந் தேதி எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டேன்.

15-9, ஞாயிறு

வெயில். கூட்டம். சொறி, சளி, ஒரு பெண்ணுக்கு மஞ்சள் காமாலை.

வேன் வந்தது. இசக்கி என்று ஒரு பையன், திருநெல்வேலிப் பக்கம். மணிக்கட்டு நசுங்கித் தொங்குகிறது. இடுப்பில் புது லுங்கி, பச்சைக் கட்டம். கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை.

“எங்கேப்பா அடிபட்டது?”

மேஸ்திரியைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தான். “வீட்ல வழுக்கி விழுந்துட்டேன்க்கா.”

“உன் வீடு எங்கே?”

“வீடுல்லாம் இல்லக்கா. கம்பெனி ஷெட்லதான படுக்கோம்.”

மேஸ்திரி முகம் போன போக்கு!

டா. ரத்தத்தை நிறுத்திக் கட்டு மட்டும் போட்டார். என்னைப் பார்த்து, “கூட்டிட்டுப் போங்க சிஸ்டர். இங்க நான் பார்த்துக்கறேன்” என்றார். இந்த மனிதரைப் போன வாரம் மனதுக்குள் எவ்வளவு திட்டினேன்.

இசக்கியை வேனில் ஏற்றிவிட்டு, சீட்டுக்கு அடியில் கை விட்டேன். அவனுடைய கம்பெனி சட்டை, ரத்தத்தோடு. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். “பெரியாஸ்பத்திரிக்கு விடு.” டிரைவர் மேஸ்திரியைப் பார்க்கிறான். “எறங்கு சிஸ்டர், மொதலாளி கோவிச்சிக்குவாரு.” கோபித்துக்கொள்ளட்டும். நான் இறங்கவில்லை. பின்னால் இசக்கி வலியில் கத்தினான். வண்டி கிளம்பியது.

அங்கே எழுதுகிறவர் கேட்டார்: எப்படி அடிபட்டது? மேஸ்திரி முந்திக்கொண்டு, “வூட்ல...” சட்டையை மேஜைமேல் விரித்தேன். இசக்கி அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“பிரஸ்ல சார். கம்பெனியில.”

எழுதினார்கள்.

கை பிழைக்குமா என்று இன்னும் தெரியவில்லை.

17-9, செவ்வாய்

ஷெட்டில் புதுப் பூட்டு. மருந்து, கட்டில், டா.வின் பி.பி. மெஷின் எல்லாம் உள்ளே. போர்டை மட்டும் பிடுங்கி வெளியே எறிந்திருக்கிறார்கள். தணிகாசலம் ஸ்கூட்டரை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனார்: “எடம் குடுத்த கையையே கடிச்சிட்டியே சிஸ்டர்.”

கையைப் பற்றி இவர் பேசுகிறார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு: பஞ்சு, டிஞ்சர், பாய் இரண்டு. ரோட்டோரப் புளியமரத்தில் போர்டு கட்டக் கயிறு வாங்க வேண்டாம். என் பையில் இருக்கிற அந்த மெரூன் லுங்கியைக் கிழித்தால் போதும்.