பொன்னாடை வேண்டாம் என்ற கவுன்சில்

நியூ ஜெர்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரீத்திக்கு அம்மாவின் ஆசிகள். இங்கே நான், அப்பா, அண்ணன் சபரி எல்லோரும் சௌக்கியம், அங்கே இங்கிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் இருக்க மாசாணியம்மன் துணையிருக்கட்டும். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ மீட்டிங் இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுவாய், இதை ஆற அமரச் சொல்ல வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன். கண்ணு, நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பூங்கா உனக்குத் தெரியும். கார் ஓட்டத் தெரியாத எனக்கு இந்த நாட்டில் யார் தயவும் இல்லாமல் போய்வர இருக்கிற ஒரே இடம் அது. போன கோடையிலிருந்து சாயங்காலமானால் அங்கே பார்க்கிங் லாட்டில் எங்கிருந்தோ கார்கள் வந்து கூடும், டயர் புகைய வட்டம் வட்டமாகச் சுற்றும், பாட்டுச் சத்தத்தில் நம் வீட்டு ஜன்னல் அதிரும், ஏனென்று கேட்டால் கெட்ட வார்த்தைதான். போலீஸ் வருவதற்குள் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். ஒருநாள் என்னோடு நடக்க வரும் ஹம்சாவின் கைத்தடியை ஒரு கார் தட்டிவிட்டுப் போய்விட்டது, அவள் பிழைத்ததே பெரிது. அன்றிலிருந்து உன் அண்ணன் என்னை வெளியே விடவில்லை. ஒரு டிரெட்மில் வாங்கி பேஸ்மென்ட்டில் போட்டு இதிலேயே நடங்கம்மா என்றான். சுவரைப் பார்த்துக்கொண்டு நடக்க எனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் அழுதேன், உன்னிடம் சொல்லவில்லை.

ஹம்சாதான் விசாரித்துக்கொண்டு வந்தாள், இந்த மாதிரி அட்டகாசத்தை அடக்க டவுன்ஷிப் கவுன்சிலே சட்டம் போடலாம், கேட் போடலாம், காரைப் பிடுங்கிக்கொண்டு போகலாம் என்று. நடக்க வருகிற எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அவர்களும் ஒரு சட்டம் எழுதினார்கள், என்ன எழுதினார்கள் தெரியுமா, இருட்டினால் பூங்காவையே மூடிவிடுவதாம், யாரும் உள்ளே வரக் கூடாதாம். குளிர்காலத்தில் இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஆட்டம் போட்டவர்களோடு சேர்த்து எங்களுக்கும் கதவடைப்பு. இதை மாற்றச் சொல்லி மீட்டிங்கில் அப்பா பேசுவதாக ஏற்பாடு, ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் பேசிப் பார்த்தார். ஆனால் எங்களிடம் மூச்சுவிடாமல் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் ஒரு ஜரிகைப் பொன்னாடையும் வாங்கி வைத்திருக்கிறார். வெறுங்கையோடு கவுன்சிலரைப் பார்க்கப் போவது மரியாதை இல்லை என்று நினைக்கிற மனிதர்தானே. அவர் பேரைக் கூப்பிட்டதும் மைக்குக்குப் போகாமல் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி நேரே மேயரம்மாவை நோக்கி நடந்தார். ஒரு போலீஸ்காரர் குறுக்கே வந்து நின்றார். அங்கிருந்த கிளார்க், கவுன்சிலிடம் ஒன்று கேட்டு வந்திருப்பவர்களிடமிருந்து நாங்கள் எதையும் வாங்கக் கூடாது ஐயா என்று தன்மையாகத்தான் சொன்னார். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. பொன்னாடையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார், பாடம் பண்ணிய இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. பேசக் கொடுத்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் எழுந்துவிட்டேன். எனக்கே எப்படி என்று தெரியவில்லை. சபரியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைக் முன்னால் நின்று, நான் தமிழில் சொல்கிறேன் நீ இங்கிலீஷில் சொல் என்றேன். "என்ற பையன் பயந்துட்டு என்னைய ஊட்டுக்குள்ள பூட்டி வெச்சிருக்கறானுங்க. இப்ப நீங்க பூங்காவையும் பூட்டறீங்க. தப்பு பண்ணுனது காருல வந்தவங்கதானுங்க. காருக்குக் கேட் போடுங்க, நடக்கறவங்கள உட்டுருங்க." முதல் வரியிலேயே உன் அண்ணன் விழித்தான். ஒன்றையும் விடாமல் சொல்லடா என்றேன். காது சிவக்கச் சிவக்க, அம்மாவைப் பூட்டி வைத்த கதையை அவன் வாயாலேயே சொன்னான். ஹாலே சிரித்தது, பிறகு கைதட்டியது, மேயரம்மா பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

போன செவ்வாய்க்கிழமை ஓட்டுக்கு விட்டார்கள். இருட்டினால் பார்க்கிங் லாட்டுக்கு மட்டும் கேட், நடைபாதை ஒன்பது மணி வரை திறந்திருக்கும், மீறி வந்து சுற்றுகிற காரைக் கட்டி இழுத்துப் போவார்கள். எல்லோரும் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. வெளியே வந்ததும் அப்பா பையிலிருந்து அதே பொன்னாடையை எடுத்தார். ஐயோ, மறுபடியுமா என்று சபரி பதறினான். அவர் யாரையும் பார்க்கவில்லை, ஹம்சா, போலீஸ்காரர் எல்லோரும் பார்க்க என் தோளில் போர்த்திவிட்டு, "இது உனக்குத்தான் சேரோணும், சாந்தா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து குழம்பு நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொல்லாத மனிதர், எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கேட்டும் போட்டுவிட்டார்கள், நேற்று சாயங்காலம் இருட்டின பிறகு தனியாகவே பூங்காவுக்குக் கிளம்பினேன். சபரி வாசல் வரை வந்து என் குளிர்க் கோட்டை எடுத்துக் கொடுத்தான், போகாதீங்கம்மா என்று சொல்லவில்லை. ஒரு கார் வந்து கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது, நான் நின்று நன்றாக வேடிக்கை பார்த்தேன்.

உங்கள் அடுக்குமாடி மாடிப்படியில் யார் யாரோ கூட்டம் கூடிக் கத்துகிறார்கள், வீடு மாறப் போகிறேன் என்றாயே, மாறாதே கண்ணு. உங்கள் ஊர்க் கவுன்சிலுக்கும் அதிகாரம் இருக்கும், போய்க் கேள், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. கையில் மட்டும் எதையும் கொண்டு போகாதே. குளிரில் காதை மூடிக்கொள், ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்க்காதே. தீர்க்காயுசோடு இரு.

இப்படிக்கு,
பொன்னாடை போர்த்திக்கொண்டு எழுதும் உன் அம்மா,
சாந்தாமணி