உன் பேத்தியின் உதைக்கு ஏன் கூட்டம் வரவில்லை, அக்கா?

வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஊருக்கு முன்னால் இறங்கி நிற்கிற என் அஞ்சம்மா அக்காவுக்கு,

தண்ணீர் வந்துவிட்டது. இந்த வருஷம் நீ இல்லாமல் வந்தது. விடிகிற நேரத்தில் மதகில் போய் உட்கார்ந்திருந்தேன். முதலில் சருகு வந்தது, பின்னாலேயே நுரை வந்தது, அப்புறம் சத்தமே போடாமல் தண்ணீர் வந்தது. தூங்குகிற பிள்ளை புரண்டு படுப்பது மாதிரி அது திரும்பிய இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து வர மனமில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நம் கயலைப் பற்றி. உன் மகன் முருகையன் அவளை நிறுத்தப் பார்த்தான். நீ இருந்திருந்தால் நீயும் நிறுத்தியிருப்பாயோ? அந்தப் பயம்தான் எனக்கு.

தஞ்சாவூரில் காலேஜ் முடிந்ததும் பேத்தி ஓட்டப் பந்தயத்துக்குப் பழகுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாய் அல்லவா? அவள் ஓடவில்லை அக்கா. கிக்பாக்சிங் பழகினாள். கையில் பஞ்சு வைத்த உறையை மாட்டிக்கொண்டு குத்துவார்கள். அதோடு காலைத் தூக்கி எதிராளியை உதைப்பார்கள். ஆமாம், உதைப்பதுதான். உதைத்தால் அதற்குப் புள்ளி உண்டு. இதை உன் காதில் போட வீட்டில் யாருக்குத் தைரியம் வரும்? எனக்கே போன தை மாதம்தான் தெரியும்.

போன வாரம் பாபநாசம் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். நம் தெருப் பெண்களை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மண்டபத்தில் நாற்காலியெல்லாம் காலியாகக் கிடந்தது. விளையாட வந்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும், பிறகு நாங்களும்தான். போன மாசம் அதே ஊரில் கபடி நடந்தபோது மரத்தின் மேலெல்லாம் ஆள் உட்கார்ந்திருந்தார்கள். சிலம்பம் என்றால் பாட்டன் சொத்து மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறார்கள். கராத்தே என்றால் சின்னப் பிள்ளைகளுக்குக் கலர் கலராக பெல்ட் கட்டி, பெற்றவர்கள் போட்டோ எடுக்கிறார்கள். இதற்கு மட்டும் ஏன் யாரும் வரவில்லை?

கயலுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டரிடமே கேட்டேன். நல்ல மனுஷன், வெள்ளந்தி.

"ஒலிம்பிக்ல இன்னும் சேக்கலைங்கம்மா. இத வச்சு வேலை கிடைக்குமான்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்ல. சங்கம் வேற ஆளுக்கு ஒண்ணு வச்சிருக்காங்க. இவங்க குடுக்குற சர்டிபிகேட்ட அவங்க ஒத்துக்க மாட்டாங்க. டிவியில காட்டுறதும் இல்ல. அப்புறம் யாரு வருவா, சொல்லுங்க?"

அவர் சொன்னதெல்லாம் நிஜமாகவே இருக்கட்டும். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே நம் எதிர்வீட்டு லெச்சுமி, அவளுக்கு ஒலிம்பிக்கும் தெரியாது, சர்டிபிகேட்டும் தெரியாது. முதல் உதை விழுந்ததும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"என்னடி தங்கம் இது? ஒரு பொண்ணு இன்னொரு பொண்ண கால்ல உதைக்கிறா, நாம கைதட்டணுமா? என்னால பாக்க முடியல."

"உக்காருடி. வெளயாட்டுடி."

"உதை எப்படிடி வெளயாட்டாகும்? உனக்கா சொல்லணும் நான்?"

அவள் எழுந்ததும் கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போய் வண்டி நிழலில் நின்றுகொண்டார்கள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கு யார் மேலாவது கோபம் வராமல் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

அப்புறம் கயல் ஏறினாள். எதிரே நாகூர்ப் பிள்ளை ஒருத்தி, சபியா என்று பெயர். நம்மவள் கால் வீசினது எப்படி இருந்தது தெரியுமா? கதிர் முற்றின வயலில் காற்று ஒரு பக்கமாகச் சாய்ந்து போகுமே, அப்படி. சத்தம் பிறகுதான் கேட்டது. நல்ல உதை. இடுப்பில் விழுந்தது.

விழுந்த அடுத்த நொடி உன் பேத்தி என்ன செய்தாள் தெரியுமா? குனிந்து, உறை மாட்டின கையால் சபியாவின் இடுப்பைத் தொட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தலையில் மாட்டியிருந்த தொப்பியில் உறை இடித்து, பாதிக் கண்ணில்தான் ஒற்ற முடிந்தது. அந்த நேரத்தில் சபியா இவள் முகத்தில் ஒரு குத்து விட்டாள். கயல் மறுபடி உதைத்தாள், மறுபடி தொட்டு ஒற்றிக்கொண்டாள், மறுபடி குத்து வாங்கினாள். அவளுக்கே தெரியாமல் கை போனது. மாஸ்டர் கீழேயிருந்து "தொடாதே! தொடாதேம்மா!" என்று கத்தினார். கத்தக் கத்தத் தொட்டாள். தோற்றுப்போனாள்.

மண்டபத்தில் இருந்த கொஞ்சம் பேரும் சிரித்தார்கள். முன்வரிசையில் சால்வை போட்டு உட்காரவைத்திருந்தவனும் சிரித்தான். யார் தெரியுமா? மண்டபத்துக்காரன். நம் பண்ணையில் காரியக்காரனாக இருந்து எல்லாரையும் ஆட்டிவைத்தானே, அவனுடைய பேரன். அதே பல், அக்கா. மேல்வரிசையில் ஒன்று பின்னால் தள்ளியிருக்குமே, அதே பல். முருகையனைக் கூப்பிட்டு, "பொண்ணு நல்லா கும்புடுதுய்யா, உதைக்கத்தான் வரல" என்றான். முருகையன் அந்த நிமிஷம் முடிவு பண்ணிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் அவள் பையைப் பரணில் தூக்கி எறிந்தான்.

அந்தப் பழக்கம் கயலுக்கு எங்கிருந்து வந்தது? எல்லா வீட்டிலும்தான் கால் பட்டால் தொட்டு ஒற்றிக்கொள்கிறார்கள். நம் வீட்டில் நீ அதை மூச்சு விடுகிற மாதிரி ஆக்கிவிட்டாய். நாய் மேல் கால் பட்டாலும் ஒற்ற வேண்டும். தூங்கும்போது கால் பட்டாலும் எழுப்பி ஒற்றவைப்பாய். அதற்குக் காரணம் பிள்ளைகளுக்கு முழுதாகத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கழக ஆட்சி வந்த புதிது. செங்கொடிக்காரர்கள் சொல்லி, கூலி நெல் அரை மரக்கால் கூடக் கேட்டோம். அறுவடைக் களத்தில் நெல் குவிந்து கிடந்தது. கூட்டிக் கொடுக்காமல் அளக்கக் கூடாது என்று நீ அந்த நெல் பொலியின் ஓரத்தில் மரக்காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். நான் முறத்தோடு உன் பின்னால் நின்றேன். காரியக்காரன் வந்தான். வெள்ளை வேட்டி, இடது காதில் சிவப்புக் கடுக்கன். நெல் இருக்கிற இடம் என்று செருப்பைக் களத்துக்கு வெளியே கழற்றி வைத்தான். வெறுங்காலோடு நடந்து வந்து உன் இடுப்பில் உதைத்தான்.

நீ சரிந்தாய். அவன் கால் பொலியில் பட்டு நெல் சிதறியது. உடனே குனிந்தான். நெல்லைத் தொட்டான். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். மகாலட்சுமி அல்லவா? பக்கத்திலேயே நீ கிடந்தாய். உன்னைத் தொடவில்லை.

நீ அழவில்லை. "நெல்லுக்குக் குனிஞ்சான் பாத்தியாடி தங்கம்" என்று மட்டும் சொன்னாய். பிறகு கூலி கூடியது, மனைப்பட்டா கிடைத்தது, உன் பெயரில் கொஞ்சம் வயலும் வந்தது. அந்த வார்த்தையை நீ மறுபடி ஒரு நாளும் சொல்லவில்லை. எல்லாரையும் குனியவைத்தாய், அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்துக்குக் கூட்டம் வராததற்கு என் புத்திக்கு எட்டின காரணம் இதுதான் அக்கா. கை ஓங்கினால் சண்டை என்று பார்க்கிறோம். கால் ஓங்கினால் நமக்குப் பழசு ஞாபகம் வருகிறது. இந்த ஊர்ப்பக்கத்தில் உதைத்தவன் வீடு ஒன்று, உதை வாங்கினவள் வீடு ஒன்று. நடுவில் உட்கார்ந்து கைதட்ட யார் மிச்சம்?

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். நீ வந்தாய். எங்கு பார்த்தாலும் தண்ணீர் கட்டின வயல், வரப்பே இல்லை, வானமும் அதற்குள்ளேயே கிடந்தது. நீ முழங்கால் தண்ணீரில் நட்டுக்கொண்டே போனாய். உன் கையில் நாற்றுமுடி இல்லை, ஆனாலும் நட்ட இடமெல்லாம் பச்சை வந்தது. தூரத்தில் கயல் தனியாகக் காலை வீசிக்கொண்டிருந்தாள். அவள் கால் பட்டுத் தெறித்த தண்ணீரெல்லாம் கொக்காகி எழுந்து போனது. "நிறுத்தச் சொல்லட்டுமா அக்கா?" என்று கேட்டேன். நீ திரும்பவில்லை. நட்டுக்கொண்டே போனாய், உன் முதுகு மட்டும் சின்னதாகிக்கொண்டே போனது. அது சரி என்பதா, வேண்டாம் என்பதா? விழித்த பிறகும் என் பாதம் ஜில்லென்று இருந்தது.

சாயங்காலம் முருகையனைப் பிடித்துக்கொண்டேன்.

"பைய எறக்குடா."

"சின்னம்மா, நீ சும்மா இரு. அவன் வீட்டு மண்டபத்துல, அவன் கண்ணு முன்னாடி மானம் போச்சு. அம்மா ஒதை வாங்குன கதையெல்லாம் மறந்துட்டியா? ஒதை வாங்குன வீட்டுப் புள்ள காலத் தூக்கலாமா?"

"நான் மறந்தேனா? அங்க நின்னவ நான்டா, நீ வயித்துல கூட இல்ல. உங்கம்மாவுக்கு வலிச்சது ஒதை இல்ல. நெல்லுக்குக் குனிஞ்சவன் அவளுக்குக் குனியல, அதான் வலிச்சது. அன்னைக்கு அவளால திருப்பி ஒதைக்க முடிஞ்சுதா? ஒதைச்சிருந்தா தெருவையே காலி பண்ணியிருப்பானுவ. இங்க அப்படியா? ஒதை வாங்குற புள்ளயும் திருப்பி ஒதைக்கலாம். நடுவுல ஒருத்தர் நின்னு பாக்குறாரு. இது வேற, அது வேற."

அவன் வைக்கோலை எடுக்கத் திரும்பினான். கயல்தான் வாசற்படியிலிருந்து சொன்னாள்.

"அப்பா, அன்னைக்கு முடிஞ்சப்புறம் சபியா வந்து, 'ஏன் என்னைத் தொட்டுத் தொட்டு கண்ணுல வச்சே?'ன்னு கேட்டா. சொன்னேன். 'அடிப்பாவி, எங்க உம்மாவும் கால் பட்டா இதே கதைதான். ஆனா ரிங்குல யாராவது செய்வாங்களா?'ன்னு சிரிச்சுட்டா. இனிமே நடுவுல தொட மாட்டேன்ப்பா. மணி அடிச்சப்புறம் எல்லா உதைக்கும் சேத்து ஒரே தடவையா தொட்டுக்கறேன். அப்பாயி கோச்சுக்குமா, சின்னப்பாயி?"

உன்னைத்தான் கேட்டாள். நான் உன் சார்பில் பதில் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று. தப்பா?

முருகையன் ரொம்ப நேரம் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஏணியை எடுத்துக்கொண்டு பரண் பக்கம் போனான்.

அடுத்த போட்டி கும்பகோணத்தில். லெச்சுமியைக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றாள். அவளை இழுக்க மாட்டேன், அவளால் பார்க்க முடியாததும் நியாயம்தான். நாற்காலி காலியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கயல் தெரியாத ஊருக்கெல்லாம் போவாள், நான் கூடப் போவேன். நான் இருக்கிற வரைக்கும் அவளை யாரும் நிறுத்த முடியாது. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இன்னொரு வாக்கும் இருக்கிறது. உன் பேத்தி எல்லாருக்கும் குனியட்டும், அது நீ வளர்த்த வளர்ப்பு. அந்தக் காரியக்காரனை நான் மன்னிக்க மாட்டேன். அதை மட்டும் கனவில் வந்தும் கேட்காதே.

உனக்குப் பின்னால் பிறந்து, உன் கோபத்தையும் சேர்த்துச் சுமக்கிற உன் தங்கச்சி,
தங்கம்மா